நேரலைக் காணொளியின் மூல இணைப்பை நிரலில் அமைத்தல்: தமிழ் நிகழ்வுகளைப் பதிவாகப் பேணும் நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

தமிழர் வாழும் பல நாடுகளில் நிகழும் பொழிவுகளும் கலைநிகழ்வுகளும் இன்று நேரலையாக ஒளிபரப்பப்படுகின்றன. அந்நேரலையின் பதிவே பின்னர் ஆய்வு நூலகங்களுக்கு மூல ஆவணமாகவும் அமைகிறது. அரங்கிலுள்ள கணினிக்கும் தொலைவிலுள்ள வழங்கிக்கும் இடைப்பட்ட மூல இணைப்பில் இழக்கப்படும் ஒலியையும் காட்சியையும் அதற்குப் பிந்தைய எந்நிலையிலும் மீட்க இயலாது. ஆகவே அவ்விணைப்பை அமைக்கும் நிரலில் நெறிமுறை, தாமத அளவு, மீளிணைப்பு, உள்ளகப் பதிவு, மறைபொருள் காப்பு, தமிழ்ப் பெயர்களின் குறியேற்றம் ஆகியவை பற்றிய முடிவுகள் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நேரலை, மூல இணைப்பு, எஸ்ஆர்டி, ஆர்டிஎம்பி, எஃப்எஃப்எம்பெக், யுனிகோடு, ஆவணப் பாதுகாப்பு

1. முன்னுரை

1966-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்ற முதலாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டிற்கு நேரில் செல்ல இயலாதோர், அங்கு வாசிக்கப்பெற்ற கட்டுரைகளைப் பின்னர் அச்சான தொகுதிகள் வாயிலாகவே அறிந்தனர். இன்று ஒரு சிறு மன்றத்தின் மாதாந்திரக் கூட்டத்தைக் கூடப் பிற நாடுகளில் இருப்போர் அந்நேரத்திலேயே காண்கின்றனர். இவ்வசதி எளிதாகிவிட்டமையால், அதன் அடித்தளத்தில் உள்ள இணைப்பைப் பற்றி எண்ணிப் பார்ப்போர் குறைந்துவிட்டனர்.

இக்கட்டுரைக்குக் காரணமாக அமைந்த நிகழ்வு ஒன்றை இங்குக் குறிப்பிடுதல் பொருந்தும். மலேசியாவில் தோட்டப்புற நாட்டார் பாடல்கள் பற்றிய ஓர் அமர்வின் நேரலைக்கு நான் பொறுப்பேற்றிருந்தேன். முதிய பெண்மணி ஒருவர் தாலாட்டும் ஒப்பாரியும் பாடினார். அவர் பாடிக்கொண்டிருக்கையில் அவையில் இருந்த மற்றொரு மூதாட்டி எழுந்து, அதே பாட்டைத் தம் தோட்டத்தில் வேறு விதமாகப் பாடுவர் எனக் கூறிப் பாடிக் காட்டினார். இருவரும் மாறிமாறிப் பாடினர். அவ்வேளையில் அரங்கின் இணையம் சில நொடிகள் தடைப்பட்டது. நான் எழுதியிருந்த நிரல் அத்துடன் நின்றது. நேரலை மட்டுமன்றி, அதே கணினியில் நடந்துகொண்டிருந்த பதிவும் நின்றது. அதனை நான் கவனித்து மீண்டும் இயக்குவதற்குள் பதினான்கு நிமிடங்கள் கடந்துவிட்டன.

பாடியவர் பிறிதொரு நாளில் அப்பாடல்களை மீண்டும் பாடித் தர இசைந்தார், பாடியும் தந்தார். ஆயினும் அவையில் எழுந்த அந்த எதிர்ப்பாட்டும், இருவருக்கும் இடையே நிகழ்ந்த திருத்தங்களும் மீளவில்லை. வழக்காற்றியல் ஆய்வாளர் பெரிதும் விரும்பும் பகுதி அதுவே. சில நொடி இணையத் தடை பதினான்கு நிமிட இழப்பாக மாறியமைக்குக் காரணம் வலையமைப்பு அன்று. நிரலில் நான் எழுதாமல் விட்ட சில வரிகளே.

2. மூல இணைப்பின் தனித்தன்மை

நேரலையின் பாதையை இரு பகுதிகளாகப் பிரித்துக் காணலாம். படக்கருவியிலிருந்து வரும் காட்சியைக் குறியாக்கி சுருக்குகிறது. சுருக்கிய ஓடை வழங்கிக்குச் செல்கிறது. இது முதற்பகுதி. வழங்கி அவ்வோடையைப் பெற்றுப் பார்வையாளர்களுக்குப் பகிர்ந்தளிப்பது இரண்டாம் பகுதி. முதற்பகுதியில் குறியாக்கிக்கும் வழங்கிக்கும் இடைப்பட்ட தொடர்பே மூல இணைப்பு எனப்படுகிறது.

இரண்டாம் பகுதியில் இன்று பெருவழக்காக உள்ளது ஆப்பிள் நிறுவனம் 2009-இல் அறிமுகப்படுத்திய எச்எல்எஸ் முறையாகும். இம்முறையில் வழங்கி ஓடையைச் சில நொடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டிக் கோப்புகளாக வைக்கிறது. பார்வையாளரின் கருவி அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெறுகிறது. ஒரு துண்டு வந்து சேராவிடின் அதனையே மீண்டும் கேட்கலாம். ஒருவருக்குக் கிட்டாதது மற்றொருவருக்குக் கிட்டும்.

மூல இணைப்பில் இத்தகைய வாய்ப்பு இல்லை. அங்குச் செல்வது அக்கணத்தில் உருவாகும் ஓடை. அரங்கில் தனியாகப் பதிவு செய்யப்படாவிடின், மீண்டும் கேட்பதற்கு எங்கும் கோப்பு இராது. அங்கு இழந்தது எல்லாப் பார்வையாளர்க்கும் ஒருங்கே இழப்பாகிறது. வழங்கி சேமிக்கும் பதிவிலும் அதே இடைவெளி நிலைத்துவிடுகிறது. எனவே, பார்வையாளர் பகுதிக்குச் செலுத்தும் கவனத்தினும் மிகுதியான கவனத்தை மூல இணைப்புக்குச் செலுத்துதல் வேண்டும்.

3. நெறிமுறைத் தேர்வு

நிரலில் முதலில் எழுதப்பட வேண்டிய முடிவு நெறிமுறையாகும். நடைமுறையில் நான்கு நெறிமுறைகளைச் சந்திக்க நேரிடும்.

முதலாவது ஆர்டிஎம்பி. மேக்ரோமீடியா நிறுவனம் ஃபிளாஷ் மென்பொருளுக்காக உருவாக்கியது இது. அந்நிறுவனத்தை வாங்கிய அடோபி பின்னர் இதன் விவரக்குறிப்பை வெளியிட்டது. இதன் வழக்கமான போர்ட் எண் 1935. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் இறுதியில் முடிவுற்ற பின்னரும் மூல இணைப்பு நெறிமுறையாக இது நிலைத்துள்ளது. யூடியூப் முதலிய தளங்கள் இதனை ஏற்கின்றன. இது டிசிபி மேல் இயங்குவதால் தரவுப் பொதிகள் வரிசை மாறாமல் சேரும். ஆனால் ஒரு பொதி தொலைந்தால் அது மீண்டும் வந்து சேரும்வரை பின்வருவன எல்லாம் காத்திருக்கும். தொலைதூர இணைப்பில் இக்காத்திருப்பு குவிந்து, குறியாக்கி சட்டகங்களைக் கைவிட நேரிடும்.

இரண்டாவது எஸ்ஆர்டி. ஹைவிஷன் நிறுவனம் 2017-இல் திறமூலமாக வெளியிட்ட இந்நெறிமுறை யுடிபி மேல் இயங்குகிறது. தொலைந்த பொதியைப் பெறுமுனை குறிப்பிட்டுக் கேட்கும். அனுப்புமுனை அதனை மட்டும் மீண்டும் அனுப்பும். முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தாமத அளவுக்குள் அது வந்து சேராவிடின் அதனை விட்டுவிட்டு ஓடை மேற்செல்லும். மறையாக்கம் இதன் உள்ளேயே அமைந்துள்ளது.

மூன்றாவது ஆர்டிஎஸ்பி. 1998-இல் வரையறுக்கப்பட்ட இது, சுவரிற் பொருத்தப்படும் வலையமைப்புப் படக்கருவிகளிலிருந்து காட்சியைப் பெறப் பயன்படுகிறது. நான்காவது வெப்ஆர்டிசி. ஒரு நொடிக்கும் குறைந்த தாமதம் தேவைப்படும் உரையாடல்களுக்கு இது ஏற்றது. இதன்வழி மூல ஓடையை வழங்கிக்கு அனுப்பும் முறை 'விப்' என்னும் பெயரில் 2025-இல் தரப்படுத்தப்பட்டது.

மாநாட்டு அமர்வு ஒன்றனைக் கண்டம் கடந்து அனுப்புவதற்கு எஸ்ஆர்டி பெரிதும் பொருந்தும். எனினும் பல கல்விக்கூடங்களின் தீயரண்கள் யுடிபி போக்குவரத்தைத் தடுக்கின்றன. அத்தகைய இடங்களுக்கென, மறையாக்கம் செய்யப்பட்ட ஆர்டிஎம்பி இணைப்பை 443 என்னும் போர்ட் வழியே மாற்று ஏற்பாடாக வைத்திருத்தல் வேண்டும். இத்தேர்வை நிகழ்வு நாளன்று செய்யாது, முதல் நாளே அரங்கின் வலையமைப்பில் ஆய்ந்து செய்தல் நன்று.

4. அமைவுப் பதிவு

மூல இணைப்பின் விவரங்களை நிரலின் பல இடங்களிற் சிதறவிடாது ஓரிடத்தில் தொகுத்தல் முதல் ஒழுங்காகும். கீழ்வருவது எந்த நிரல்மொழிக்கும் எளிதில் மாற்றத்தக்க மாதிரி வடிவம்:

மூலம்:
  நெறிமுறை = "எஸ்ஆர்டி"
  பங்கு = "அழைப்பவர்"
  வழங்கி = சூழல்மாறி("நேரலை_வழங்கி")
  போர்ட் = 9000
  தாமதம்_மில்லிநொடி = 800
  இணைப்புக்காத்திருப்பு_மில்லிநொடி = 5000
  ஓடைப்பெயர் = சூழல்மாறி("நேரலை_ஓடை")
  கடவுத்தொடர் = சூழல்மாறி("நேரலை_கடவு")

இதில் 'பங்கு' என்பது யார் யாரை அழைப்பது என்பதைக் குறிக்கும். எஸ்ஆர்டியில் ஒரு முனை அழைப்பவராகவும் மறுமுனை கேட்பவராகவும் அமையும். கேட்பவராக இருக்கும் முனை தன் போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்து வைக்க வேண்டும். வாடகை மண்டபத்திலோ கல்லூரி அரங்கிலோ அதற்கான உரிமை நமக்கு இராது. ஆகவே அரங்கிலுள்ள கணினியை அழைப்பவராகவும், நம் பொறுப்பில் உள்ள வழங்கியைக் கேட்பவராகவும் அமைத்தல் வேண்டும். இரு முனைகளும் கேட்பவராக அமைந்துவிட்டால் ஒன்றையொன்று எதிர்பார்த்து இரண்டும் வாளாவிருக்கும். பிழைச்செய்தி கூட உடனே எழாது.

4.1 தாமத அளவு

ஒரு பொதி வழங்கிக்குச் சென்று அதற்கான மறுமொழி திரும்பி வர ஆகும் நேரத்தைச் சுற்றுநேரம் என்போம். தாமத அளவைச் சுற்றுநேரத்தைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்காக வைத்தல் வழக்கம். கோலாலம்பூரிலிருந்து ஐரோப்பிய வழங்கி ஒன்றுக்குச் சுற்றுநேரம் 180 மில்லிநொடி எனக் கொண்டால், அதன் நான்கு மடங்கு 720; அதனைச் சற்று உயர்த்தி 800 என அமைக்கலாம். இதனால் தொலைந்த பொதியை ஒன்றுக்கு மேற்பட்ட முறை கேட்டுப் பெறுவதற்கு நேரம் கிட்டுகிறது.

எஸ்ஆர்டி நிரலகத்தின் இயல்பான தாமத அளவு 120 மில்லிநொடியாகும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் இது சுற்றுநேரத்தினும் குறைவு. தொலைந்த பொதியைக் கேட்டு அது வந்து சேர்வதற்குள் அதற்குரிய நேரம் கடந்துவிடும். அதாவது, மீட்பு வசதி உள்ள நெறிமுறையைத் தேர்ந்தும் அவ்வசதி ஒருமுறையேனும் பயன்படாது. இரு முனைகளும் வெவ்வேறு அளவுகளைக் கூறினால் அவற்றுட் பெரியதே நடைமுறைக்கு வரும்.

4.2 அலகுகளின் மயக்கம்

அமைவுப் பதிவில் 'மில்லிநொடி' என்னும் அலகை மாறியின் பெயரிலேயே சேர்த்திருப்பதற்குக் காரணம் உண்டு. எஸ்ஆர்டி நிரலகம் தாமத அளவை மில்லிநொடியில் எதிர்பார்க்கிறது. பெரும்பாலோர் பயன்படுத்தும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் முகவரி வரியிலோ அதே அளவு மைக்ரோநொடியில் தரப்பட வேண்டும். அங்கு 800 என எழுதினால் அது ஒரு மில்லிநொடியை விடவும் குறைவு. மறுமுனை தன் இயல்பளவில் இருப்பின், 120 மில்லிநொடியே நடைமுறைக்கு வரும். எழுதியவரோ 800 மில்லிநொடி கிட்டிற்று என நம்பியிருப்பார். இணைப்பும் இயங்கும், ஆனால் காட்சி அவ்வப்போது சிதறும்.

அதே முகவரி வரியில், இணைப்புக்காகக் காத்திருக்கும் நேரம் மட்டும் மில்லிநொடியில் தரப்பட வேண்டும். அதனையும் மைக்ரோநொடி எனக் கருதி ஐந்து நொடிக்கு 5,000,000 என எழுதுவோர், உண்மையில் ஏறத்தாழ 83 நிமிடங்கள் காத்திருக்குமாறு பணித்தவராவர். எனவே நிரலில் எல்லா நேரங்களையும் ஒரே அலகில் எழுதி, வெளி மென்பொருளுக்கு அனுப்பும் செயற்கூற்றில் மட்டும் அலகு மாற்றம் செய்தல் வேண்டும்.

4.3 முதன்மைச் சட்டகம்

குறியாக்கி ஒவ்வொரு சட்டகத்தையும் முழுமையாக அனுப்புவதில்லை. இடையிடையே முதன்மைச் சட்டகம் ஒன்றை முழுமையாக அனுப்பி, ஏனையவற்றில் மாற்றங்களை மட்டும் அனுப்புகிறது. இணைப்பு அறுந்து மீண்ட பின், அடுத்த முதன்மைச் சட்டகம் வரும்வரை படம் தெளிவாகாது. எக்ஸ்264 குறியாக்கியின் இயல்பான இடைவெளி 250 சட்டகங்கள். நொடிக்கு 25 சட்டகங்கள் எனில் இது 10 நொடி. இதனை 50 என அமைத்தால் இடைவெளி 2 நொடியாகக் குறையும்.

5. இணைப்பு அறுந்தால்

என் நிரலில் இருந்த முதற்குறை, இணைப்பு அறுதலை நிரலின் முடிவாகக் கருதியமை. அரங்க நிகழ்வில் இணைப்பு அறுதல் எதிர்பார்க்கத்தக்கதே. அதற்கான மாதிரி வடிவம் வருமாறு:

காத்திருப்பு = 1
நிகழ்வு முடியும் வரை:
  விளைவு = இணைத்து_அனுப்பு(மூலம்)
  விளைவு "மறுக்கப்பட்டது" எனில்:
    இயக்குபவருக்கு_அறிவி
    சுழற்சியை_நிறுத்து
  இணைப்பு 60 நொடிக்கு மேல் நிலைத்திருந்தது எனில்:
    காத்திருப்பு = 1
  காத்திரு(காத்திருப்பு)
  காத்திருப்பு = சிறியது(காத்திருப்பு × 2, 8)

இங்கு இருவகைத் தோல்விகள் வேறுபடுத்தப்படுகின்றன. வலையமைப்பின் தடை தற்காலிகமானது. மீண்டும் முயன்றால் தீரும். கடவுத்தொடர் பிழை என வழங்கி மறுப்பது மீண்டும் முயல்வதால் தீராது. மனிதர் ஒருவர் தலையிட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கருதும் நிரல், தவறான கடவுத்தொடரை நிகழ்வு முடியும்வரை ஓயாது அனுப்பிக்கொண்டிருக்கும். காத்திருப்பை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்குவது வழங்கியின் சுமையைக் குறைக்கும். ஆயினும் நேரலையில் ஒவ்வொரு நொடியும் இழப்பாதலால் 8 நொடியை மேல்வரம்பாக வைத்தல் போதும்.

மூன்றாவதொரு தோல்வியும் உண்டு. இணைப்பு உயிருடன் இருப்பதாகத் தோன்றும்; புதிய சட்டகம் எதுவும் வாராது. ஆர்டிஎஸ்பி படக்கருவிகளைப் பயன்படுத்துவோர் இதனை அடிக்கடி சந்திப்பர். காலவரம்பு குறிப்பிடாவிடின் நிரல் முடிவின்றிக் காத்திருக்கக்கூடும். கடைசியாக வந்த சட்டகத்தின் நேரத்தைக் குறித்துவைத்து, 5 நொடிக்கு மேல் முன்னேற்றம் இல்லையெனில் இணைப்பைத் தாமே துண்டித்துப் புதுப்பிக்குமாறு எழுதுதல் வேண்டும்.

6. நேரலையினின்று பதிவைப் பிரித்தல்

என் நிரலின் இரண்டாம் குறை இதனினும் பெரிது. எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் ஒருமுறை குறியாக்கியதைப் பல இடங்களுக்குப் பிரித்தனுப்பும் 'டீ' என்னும் வசதி உண்டு. அதன்வழி ஒரு கிளையை வழங்கிக்கும் மற்றொரு கிளையைக் கணினியிலுள்ள கோப்புக்கும் அனுப்பியிருந்தேன். கிளைகளுள் ஒன்று தோல்வியுற்றால் அனைத்தையும் நிறுத்துவதே அவ்வசதியின் இயல்பான நடத்தை. நேரலைக் கிளை தோல்வியுற்றாலும் ஏனையவை தொடர வேண்டுமெனில், அக்கிளையின் தோல்வியைப் புறக்கணிக்குமாறு வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். அவ்வொரு குறிப்பு இல்லாமையால், நலமாக எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பும் இணையத் தடையோடு நின்றது.

அக்குறிப்புடன் மேலும் ஒன்று தேவை. வலையமைப்பு அறுபடாமல் மந்தமானால், நேரலைக் கிளை அடைபட்டுப் பதிவுக் கிளையையும் தேக்கிவிடும். இரண்டுக்கும் இடையே தனி இடையகம் அமைத்தால் ஒன்றன் தேக்கம் மற்றொன்றைத் தொடாது. வாய்ப்புள்ள இடங்களில் பதிவைத் தனிக் கருவியிலேயே செய்தல் இதனினும் சிறந்தது.

பதிவுக் கோப்பின் வகையும் கருதத்தக்கது. வழக்கமான எம்பி4 கோப்பில், உள்ளடக்கத்தை அடையாளம் காட்டும் அட்டவணை பதிவு முடியும்போதே எழுதப்படுகிறது. மின்தடையால் கணினி நின்றால் மூன்று மணிநேரப் பதிவும் திறக்க இயலாத கோப்பாக எஞ்சக்கூடும். மட்ரோஸ்கா வகையிலோ எம்பெக் போக்குவரத்து ஓடை வகையிலோ பதிந்தால், நின்ற இடம்வரை உள்ளது கைக்கு வரும். பின்னர் தரம் குன்றாமல் எம்பி4-ஆக மாற்றிக்கொள்ளலாம். காட்சிக்கு நொடிக்கு 3,000 கிலோபிட், ஒலிக்கு 128 கிலோபிட் எனக் கொண்டால் ஒரு மணிநேரப் பதிவு ஏறத்தாழ 1.4 கிகாபைட் இடம் கொள்ளும். இன்றைய சிறு சேமிப்புக் கருவிக்கும் இது பெருஞ்சுமையன்று.

7. மறைபொருளும் தமிழ்ப் பெயர்களும்

ஓடையின் திறவுகோலை அறிந்தவர் எவரும் நம் பெயரில் ஒளிபரப்ப இயலும். அதனை நிரலுக்குள் நேரடியாக எழுதினால் நிரலைப் பகிரும்போது அதுவும் பகிரப்படும். ஆகவே மாதிரியில் சூழல்மாறிகள் பயன்படுத்தப்பட்டன. இதனோடு, முழு முகவரியைச் செயற்பாட்டுக் குறிப்பேட்டில் எழுதும் வழக்கத்தையும் தவிர்த்தல் வேண்டும். கட்டளை வரியில் தரப்படும் கடவுத்தொடர், ஒரே கணினியைப் பகிரும் பிற பயனருக்கும் தென்படக்கூடும். எஸ்ஆர்டி கடவுத்தொடர் குறைந்தது 10 எழுத்துகள் கொண்டிருத்தல் வேண்டும்.

ஓடைகளுக்குத் தமிழிற் பெயரிட விழைவோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் கொள்ளும். 'தமிழ்' என்னும் சொல் ஐந்து குறியீடுகளால் ஆனது. எனவே 15 பைட். முகவரி வரியில் விழுக்காட்டுக் குறியுடன் எழுதும்போது அது 45 எழுத்துகளாக நீளும். எஸ்ஆர்டியில் ஓடைப்பெயருக்கான மேல்வரம்பு 512. நீண்ட தலைப்புகள் அவ்வரம்பை எளிதில் எட்டிவிடும்.

நீளத்தினும் நுட்பமான சிக்கல் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளில் உள்ளது. யுனிகோடில் 'பொ' என்பதனைப் பகரத்துடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். எகரக் குறியையும் கால் குறியையும் அடுத்தடுத்துச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட் அளவில் அவை வெவ்வேறு. ஓர் ஒத்திகையில் 'பொழிவு' என்னும் ஓடைப்பெயரை வழங்கியில் ஒருவரும் அரங்கக் கணினியில் மற்றொருவரும் வெவ்வேறு விசைப்பலகைகளால் தட்டச்சு செய்திருந்தோம். பெயர் பொருந்தவில்லை என வழங்கி மறுத்துக்கொண்டே இருந்தது. திரையில் இரு பெயர்களையும் பலமுறை ஒப்பிட்டும் வேறுபாடு தென்படவில்லை. பெயரை ஒப்பிடுமுன் இரு முனைகளிலும் என்எஃப்சி எனப்படும் இயல்பாக்கத்திற்கு உட்படுத்தினால் இச்சிக்கல் தீரும். நூலகப் பட்டியல்களில் தமிழ்த் தலைப்புகளைத் தேடும்போதும் இதே சிக்கல் எழக்கூடும், தீர்வும் இதுவே.

8. முடிவுரை

மேற்கூறியவற்றுள் எதுவும் பெரும் பொருட்செலவை வேண்டுவதன்று. நெறிமுறை எது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, யார் அழைப்பது, அறுந்தால் என் செய்வது, பதிவு எங்கே நிகழ்வது என்பவற்றை நிரலில் எழுதாவிடின், மென்பொருளின் இயல்பளவுகள் நமக்காக முடிவு செய்கின்றன. அவ்வியல்பளவுகள் பாடுபவர் யார், அது மீண்டும் நிகழுமா என்பதை அறியா.

நிகழ்வுக்கு முன் மேற்கொள்ள வேண்டிய சோதனை எளியது. நேரலை ஓடிக்கொண்டிருக்கையில் இணையக் கம்பியைக் கையால் பிடுங்கி, அரை நிமிடம் கழித்து மீண்டும் செருக வேண்டும். நேரலை தானே மீள்கிறதா, அவ்வரை நிமிடமும் உள்ளகப் பதிவில் இடையறாது உள்ளதா என்பவற்றைப் பார்க்க வேண்டும். இச்சோதனையை அன்று நான் செய்திருப்பின் இரு குறைகளும் முன்னரே வெளிப்பட்டிருக்கும்.

ஆய்வு நூலகங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நிகழ்வமைப்பாளரிடமிருந்து நேரலைத் தளத்திலுள்ள பதிவின் இணைப்பை மட்டும் பெற்று அமைய வேண்டா. அது மூல இணைப்பின் இழப்புகள் அனைத்தையும் தாங்கியதாகவும், தளத்தால் மீண்டும் சுருக்கப்பட்டதாகவும் இருக்கக்கூடும். அரங்கில் எழுதப்பட்ட மூலக் கோப்பையும், இணைப்பு அறுந்த நேரங்களைக் காட்டும் குறிப்பேட்டையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். இவ்விரண்டும் இருப்பின், பிற்காலத்தில் ஆராய்பவர் ஓர் இடைவெளியைக் காணும்போது, அது பாடியவரின் மௌனமா, இணைப்பின் அறுதலா என்பதை ஐயமின்றி அறிவர்.